தலையை எண்ணினால் போதுமா?

பள்ளிப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அழைத்துப் போவது, கட்டணம் அதிகம் வாங்கும் தனியார் பள்ளிகளின் சமாச்சாரமாக மட்டும் இருந்த காலம் போய்விட்டது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்து, போட்டிகளில் வென்ற பிள்ளைகளை இப்போது அரசே அழைத்துப் போகிறது. 2022 நவம்பரில் அப்படி ஒரு குழு துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் போனபோது பள்ளிக் கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழியும் கூடவே போனார். வீட்டில் யாருமே பாஸ்போர்ட் எடுத்திராத குடும்பத்துப் பிள்ளை விமானம் ஏறுவது நல்ல காரியம்தான். ஆனால் பயணம் என்றதும் பேச்செல்லாம் எந்த ஊர், எவ்வளவு செலவு, யார் தேர்வானார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. கூடப் போகிற ஆசிரியரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவருடைய வேலை என்னவென்று கேட்டால் "பிள்ளைங்களப் பத்திரமா பாத்துக்கணும்" என்று ஒரே வரியில் பதில் வரும். நடைமுறையில் அந்த வரி தலை எண்ணுவதாகச் சுருங்கிவிடுகிறது: பஸ் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை. எண்ணத்தான் வேண்டும். ஆனால் கீழே நான் எடுத்துக்கொள்ளும் சம்பவங்கள் எதிலும், யாரையும் எண்ணாமல் விட்டதால் உயிர் போகவில்லை. போகிற இடத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாததும், அங்கே போனபின் நிலைமை மாறும்போது "இது வேண்டாம்" என்று சொல்ல ஆளில்லாததுமே பிள்ளைகளைப் பலிகொண்டிருக்கின்றன. காவல் என்பதன் பெரும்பகுதி இந்த இரண்டில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து வழக்கு ஒன்று. ஹாட்ச்கிஸ் என்ற பேர்பெற்ற உறைவிடப் பள்ளி, சீன மொழி கற்பதற்காக 2007 கோடையில் ஒரு மாணவர் குழுவைச் சீனாவின் டியான்ஜின் நகருக்கு அனுப்பியது. ஒரு வார இறுதியில் பக்கத்தில் இருந்த பான் மலைக்குப் போனார்கள். மலையேறி முடிந்ததும் பெரும்பாலானோர் கேபிள் காரில் இறங்கினார்கள். 15 வயது மாணவி ஒருத்தியும் அவளுடைய தோழமைகள் இரண்டு மூன்று பேரும் நடந்தே இறங்குகிறோம் என்று கேட்டார்கள். கூட வந்த பெரியவர்களும் சரி என்றார்கள். பிள்ளைகள் தளம் போட்ட பாதையை விட்டு விலகி, மரமும் புதருமாக இருந்த மண் தடத்தில் வழி தவறிச் சுற்றினார்கள். கடைசியில் எல்லாரும் கீழே வந்து சேர்ந்துவிட்டார்கள், எண்ணிக்கையும் சரியாக இருந்தது. பத்து நாள் கழித்து அந்தப் பெண்ணுக்குத் தலைவலி, காய்ச்சல், தள்ளாட்டம். உண்ணி கடித்துப் பரவும் ஒருவகை மூளைக்காய்ச்சல் அது. உயிர் பிழைத்தாள், ஆனால் பேச்சு போய்விட்டது. 2013-இல் ஜூரி விதித்த இழப்பீடு 4 கோடியே 15 லட்சம் டாலர். பள்ளி மேல்முறையீடு செய்தது. வெளிநாட்டுப் பயணத்தில் பூச்சியால் பரவும் கடும் நோய்களைப் பற்றி எச்சரிக்கவும், அதிலிருந்து பிள்ளைகளைக் காக்கவும் பள்ளிக்குக் கடமை உண்டு என்று 2017-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. தொகையும் வரம்பு மீறியதல்ல என்றது.

இந்த வழக்கில் என்னை நிற்கவைத்த விவரம் தொகை அல்ல. பயணத்துக்கு முன் பள்ளி பெற்றோருக்கு ஒரு மருத்துவக் குறிப்பு அனுப்பியிருந்தது. அதில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இணையப் பக்கத்துக்கு ஒரு சுட்டியும் இருந்தது. சுட்டி போய் நின்ற பக்கமோ மத்திய அமெரிக்காவைப் பற்றியது, சீனாவைப் பற்றியதல்ல. சந்தேகம் இருந்தால் பள்ளி மருத்துவகத்தைக் கேளுங்கள் என்றும் எழுதியிருந்தார்கள். அங்கே இருந்தவர்களுக்கு வெளிநாட்டுப் பயண மருத்துவத்தில் ஆலோசனை சொல்லும் தகுதி இல்லை. ஆக, காகிதம் எல்லாம் இருந்தது. யாரும் அதைத் திறந்து படித்துச் சரிபார்க்கவில்லை. வெளிநாட்டுப் பயணம் என்றால் நம் பள்ளிகளிலும் காகிதத்துக்குக் குறைவில்லை. சம்மதக் கடிதம், உறுதிமொழி, புகைப்படம், "எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல" என்ற வரியில் பெற்றோர் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிற நிர்வாகங்கள், ஒரு இந்தியத் தீர்ப்பையாவது படித்துப் பார்க்கலாம். 1995 மே மாதம் பதான்கோட் பகுதிப் பள்ளி ஒன்று பிள்ளைகளை பியாஸ் நதிக்கரைக்குச் சுற்றுலா கூட்டிப்போனது. ஆற்றில் 14 பிள்ளைகள் மூழ்கி இறந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்ன உயர் நீதிமன்றத்தின் உத்தரவை 2001-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கூடப் போன ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளியே பொறுப்பு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். கவனமுள்ள ஒரு தகப்பன் தன் பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வானோ அந்த அளவு அக்கறையை ஆசிரியரிடமும் சட்டம் எதிர்பார்க்கிறது என்று இங்கிலாந்து நீதிமன்றம் சொன்னது 1893-இல். அளவுகோல் புதிதல்ல. முன்பின் தெரியாத ஊரில் ஆற்றங்கரையிலோ காட்டு வழியிலோ நிற்கும்போது அந்தத் தகப்பன் என்ன செய்வான் என்பதை மட்டும் நாம் யோசித்துப் பார்ப்பதில்லை.

அதே பியாஸ் நதியில் 2014 ஜூன் 8-ஆம் தேதி ஹைதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 24 பேர் இறந்தார்கள். மணாலிக்குப் போகிற வழியில் பஸ்ஸை நிறுத்தி, புகைப்படம் எடுக்க ஆற்றுப் பாறைகளில் இறங்கினார்கள். மேலே இருந்த லார்ஜி அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. சில நிமிடங்களில் நீர் ஏறிவிட்டது. பெரிய குற்றம் போதிய எச்சரிக்கை இல்லாமல் மதகைத் திறந்த மின்வாரியத்துடையது. இமாச்சல உயர் நீதிமன்றம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் விதித்தபோது அதில் பெரும்பங்கை வாரியத்தின் மீதே சுமத்தியது. ஆனால் கல்லூரியையும் விட்டுவிடவில்லை. மேலே அணை இருக்கிற மலை ஆற்றில், கரை காய்ந்து கிடக்கிறதே என்று இறங்கக் கூடாது என்பது உள்ளூரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வெளியூரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். வழியில் "சார், அஞ்சே நிமிஷம் சார்" என்று கேட்கும் குரல்களுக்கு மறுப்புச் சொல்கிற தெம்பும் வேண்டும். பான் மலையில் "நடந்து வர்றோம்" என்று கேட்ட பிள்ளைகளும் இதே ரகம். பிள்ளைகள் கேட்பது தப்பில்லை. கேட்கிற நேரத்தில் பதில் சொல்கிறவர் கையில் அந்த இடத்தைப் பற்றிய தகவல் இருந்ததா என்பதே கேள்வி.

தகவல் இருந்தும் மறுக்க முடியாமல் போவது இன்னொரு வகை. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் 2002 மே மாதம் ஒரு பள்ளிக் குழு, பாறை மேலிருந்து ஓடைக் குட்டையில் குதிக்கிற விளையாட்டுக்குப் போனது. மழை பெய்து ஓடை பொங்கிக்கொண்டிருந்தது, தண்ணீர் கடுங்குளிர். பத்து வயதுப் பையன் ஒருவன் நீருக்குள் திணறினான், காப்பாற்றப் போனவர்களும் தத்தளித்தார்கள், பையன் இறந்தான். குழுவை நடத்திய ஆசிரியர் மரணத்துக்குக் காரணமானவர் என்று 2003-இல் 12 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். இதை விசாரித்த பிரிட்டனின் உடல்நல, பாதுகாப்பு ஆணையம் சுட்டிக்காட்டிய குறைகளில் ஒன்று கவனிக்க வேண்டியது: கைவசம் மாற்றுத் திட்டம் இல்லை. அதாவது, ஓடையில் குதிக்க முடியாவிட்டால் அன்றைக்குப் பிள்ளைகளை என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. காசு கட்டி, தூரம் வந்து, ஆவலோடு நிற்கிற பிள்ளைகளிடம் "ஒன்றும் கிடையாது, திரும்பிப் போகலாம்" என்று சொல்வது எந்த ஆசிரியருக்கும் எளிதல்ல. வேறொன்று தயாராக இருந்தால் அந்த மறுப்பு சுலபமாகிவிடும். வெளிநாட்டுப் பயணத்தில் இந்த நெருக்கடி பல மடங்கு. இன்று கடலுக்குப் போகாவிட்டால் இனி எப்போது என்ற நினைப்பு பிள்ளைகளைவிடப் பெரியவர்களை அதிகம் ஆட்டிவைக்கும். நாளொன்றுக்கு நான்கு இடம் என்று அடைத்துப் போட்ட பயணத் திட்டத்தில் மழைக்கோ காய்ச்சலுக்கோ இடமே இருக்காது. சுற்றுலா நிறுவனங்களின் கவர்ச்சியான விளம்பரத் தாள்களில் எனக்குப் பிடிக்காத விஷயம் இதுதான்.

"அதெல்லாம் டிராவல்ஸ்காரர் பார்த்துக்கொள்வார்" என்பது பள்ளிகள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். 1993 மார்ச் 22-இல் இங்கிலாந்தின் லைம் வளைகுடாவில் நடந்ததை அதற்குப் பதிலாக வைக்கலாம். பிளிமத் ஊரைச் சேர்ந்த மாணவர்கள் எட்டுப் பேரும் அவர்களுடைய ஆசிரியரும் ஒரு தனியார் சாகசப் பயிற்சி மையத்தின் பயிற்றுநர்கள் இருவரோடு கயாக் எனப்படும் சிறு துடுப்புப் படகுகளில் கடலுக்குள் போனார்கள். முதலில் தடுமாறியவர் ஆசிரியர். அவருடைய படகு திரும்பத் திரும்பக் கவிழ்ந்தது. ஒரு பயிற்றுநர் அவரைக் கவனிக்க நின்றுவிட, மற்றவரோடு இருந்த பிள்ளைகளைக் காற்று கடலுக்குள் இழுத்துப் போனது. நான்கு பேர் இறந்தார்கள். பயிற்றுநர்களுக்கு இருந்ததோ கயாக் பயிற்சியின் ஆரம்பநிலைத் தகுதி. இந்த மையத்தில் பாதுகாப்பு சரியில்லை, ஒருநாள் உயிர் போகும் என்று முன்பு அங்கே வேலைபார்த்தவர்கள் ஏற்கெனவே கடிதம் எழுதியிருந்தது வழக்கில் வெளிவந்தது. மையத்தின் உரிமையாளர் சிறைக்குப் போனார், நிறுவனமும் உயிரிழப்புக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டது, 1995-இல் சாகசப் பயிற்சி மையங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. பிள்ளைகளோடு போன ஆசிரியரே காப்பாற்றப்பட வேண்டியவராக மாறியதும், காசு வாங்கியவரின் தகுதியை யாரும் கேட்காததும் இந்தச் சம்பவத்தில் சேர்ந்து வருகின்றன. வேலையை ஒப்பந்தத்துக்கு விடலாம். உங்கள் பயிற்றுநரின் சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேட்கிற கடமையை விட முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்க ஆசிரியர் நீச்சல் வீரராக இருக்க வேண்டியதில்லை. தனக்கு வராத ஒன்றில் இறங்காமல் கரையில் நிற்கத் தெரிந்தால் போதும்.

முன்கூட்டித் தெரிந்துகொள்வது என்றால் மலையும் கடலும் மட்டுமல்ல. நம் வீட்டுப் பிள்ளை துபாய் போகிறது என்றால் அம்மா பொடி வகைகளைக் கட்டிக் கொடுப்பார். மசாலாவில் கசகசா இருந்தால் ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள். நம் ஊர் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற இருமல் மருந்தில் கோடீன் இருந்தால் அங்கேயும் ஜப்பானிலும் கேள்வி வரும். வலிப்புக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுக்கிற பிள்ளை என்றால் மருத்துவர் சீட்டும் மருந்தும் கைப்பையில் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் அல்ல. இவற்றைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. ஒரு பிள்ளை சிங்கப்பூரில் குடல்வால் அறுவைக்காக மருத்துவமனையில் படுத்தால், குழு மறுநாள் ஊர் திரும்பும்போது யார் அங்கே தங்குவது? தங்குகிறவரின் அறைச் செலவு யாருடையது? காப்பீட்டில் அது உண்டா? அவர் தங்கிவிட்டால் மீதிப் பிள்ளைகளைக் கூட்டிவர எத்தனை பேர் மிச்சம் இருப்பார்கள்? பிரிட்டன் கல்வித் துறை 1998-இல் வெளியிட்ட வழிகாட்டி, வெளிநாட்டுப் பயணத்துக்குப் பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்றும், குழு எவ்வளவு சிறிதானாலும் குறைந்தது இருவர் என்றும் சொன்னது. அந்த இரண்டாமவர் எதற்கு என்பது இந்த மருத்துவமனைக் கேள்வியைக் கேட்டால் விளங்கும். பெண் பிள்ளைகள் இருந்தால் ஆசிரியைகளும் இருக்க வேண்டும் என்பதை நம் ஊரில் யாரும் மறுப்பதில்லை. அவர்கள் உதவிக்கு வருகிறவர்களாக இல்லாமல் முடிவெடுக்கிறவர்களாகவும் இருக்க வேண்டும் என்றால் மட்டும் தயக்கம். அதுபோக, இரவு. தங்குமிடத்தின் வாசல் இரவில் பூட்டப்படுகிறதா, அதே மாடியில் வேறு விருந்தினர் இருக்கிறார்களா, ஆசிரியர் அறை பிள்ளைகளின் அறைகளுக்கு எவ்வளவு தூரம் என்பதை முன்பதிவுக்கு முன்பே கேட்க வேண்டும், போய்ச் சேர்ந்த பின் அல்ல.

இத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு வெளிநாடு போன மாதிரியே இருக்காது, கயிற்றில் கட்டி இழுத்துப்போன மாதிரி இருக்கும் என்ற ஆட்சேபம் நியாயமானது. சுதந்திரமாக நாலு தெரு நடக்காத பயணம் வீண் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் சுதந்திரமும் முன்தயாரிப்பும் ஒன்றையொன்று தின்பதாகக் கருதுவதற்கு ஆதாரம் இல்லை. ஜப்பானியப் பள்ளிகள் 1880-களிலிருந்தே மாணவர் பயணங்களை நடத்திவருகின்றன. இன்று கியோட்டோவுக்கு வரும் ஜப்பானியப் பள்ளிக் குழுக்களில், பிள்ளைகள் சிறு குழுக்களாகப் பிரிந்து ஆசிரியர் இல்லாமலே நகரத்தைச் சுற்றுவது சர்வ சாதாரணம். அதற்கு முன் வகுப்பில் உட்கார்ந்து எந்தக் கோயில், எந்த பஸ், எத்தனை மணிக்கு எங்கே என்று அவர்களே திட்டம் போட்டு ஆசிரியரிடம் கொடுத்திருப்பார்கள். ஆசிரியர்களும் இடத்தை முன்னதாகவே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவதுண்டு. பான் மலையில் நடந்து இறங்கிய பிள்ளைகளுக்கும் கியோட்டோவில் அலைகிற பிள்ளைகளுக்கும் உள்ள வேறுபாடு சுதந்திரத்தின் அளவில் இல்லை. இவர்களுடைய சுதந்திரம் முன்பே யோசிக்கப்பட்டது. அவர்களுக்கு அது அந்த நிமிடத்தில் கொடுக்கப்பட்டது.

எதிர்த்திசையிலிருந்து வேறொரு வாதம் வரும்: பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்டாலே போதும், ஒழுங்குதான் பாதுகாப்பு. நம் பெற்றோரில் பலருக்கு இது மிகவும் பிடித்த கருத்து. 2014 ஏப்ரல் 16-இல் தென்கொரியாவின் செவோல் கப்பல் கவிழ்ந்தபோது, ஜெஜு தீவுக்குச் சுற்றுலா போய்க்கொண்டிருந்த ஒரே பள்ளியின் மாணவர்கள் 250 பேர் இறந்தார்கள். இருக்கிற இடத்திலேயே இருங்கள் என்று கப்பலின் ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொன்னது. பெரும்பாலான பிள்ளைகள் கீழ்ப்படிந்தார்கள். மாலுமிகளோ முதலில் தப்பித்தார்கள். முதல் குற்றம் கப்பலுடையது, சந்தேகமில்லை. என்றாலும், கீழ்ப்படிதலை மட்டும் கற்றுக்கொடுத்துப் பிள்ளைகளை அனுப்புவது அரைகுறைப் பாதுகாப்பு என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம். படகு ஏறியதும் உயிர்காப்பு அங்கி எங்கே, வெளியேறும் வழி எது என்று பார்ப்பதும், ஆசிரியரைக் காணவில்லை என்றால் எங்கே போய் நிற்பது, யாரிடம் தொலைபேசி கேட்பது, தன் தங்குமிடத்தின் பெயரை எப்படிச் சொல்வது என்பதும் பிள்ளைகளே தெரிந்து வைத்திருக்க வேண்டியவை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய பாடமல்ல.

எல்லாவற்றையும் தடுக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1988 மார்ச்சில் ஷாங்காய்க்கு அருகே இரண்டு ரயில்கள் மோதியதில் ஜப்பானின் கோச்சியிலிருந்து வந்த பள்ளிக் குழுவில் 27 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். ரயில் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியரால் அங்கே என்ன செய்திருக்க முடியும்? அதனால்தான், பழியை இப்படி ஆசிரியர் தலையில் வைத்துக்கொண்டே போனால் நாளைக்கு ஒருவரும் கூட வர மாட்டார்கள் என்ற வாதத்தை எளிதில் தள்ள முடியவில்லை. 2004-இல் பிரிட்டனின் பெரிய ஆசிரியர் சங்கங்களில் ஒன்று, பள்ளிச் சுற்றுலாக்களுக்குப் போகாதீர்கள் என்றே தன் உறுப்பினர்களுக்கு அறிவுரை சொன்னது. அதனால் பயணமே இல்லாமல் போகிறவர்கள் வசதியற்ற பிள்ளைகள்தான். மற்றவர்களைக் குடும்பமே அழைத்துப் போய்விடும். ஏரி மாவட்டத்துச் சம்பவத்தை விசாரித்த அதே ஆணையம் 2011-இல் விட்ட அறிக்கையில், பள்ளிகள் அற்பமான அபாயங்களுக்காகக் காகிதம் சேர்ப்பதை விட்டு உண்மையான அபாயத்தைக் கவனிக்கட்டும், பயணங்களை நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. எனக்குச் சரியாகப் படுவதும் அதுவே. ஆசிரியரை விரட்டுவது பொறுப்பு அல்ல. அதிகாரம் இல்லாத பொறுப்பு. பயணத் திட்டம் நிர்வாகத்துடையது, தங்குமிடம் டிராவல்ஸ்காரருடையது, கையில் பணம் இல்லை, ஒரு இடத்தை ரத்து செய்ய வேண்டுமானால் ஊருக்கு போன் போட்டு அனுமதி கேட்க வேண்டும். ஏதாவது நடந்தால் மட்டும் கூண்டில் நிற்பவர் அவர்.

ஆகவே மாற்ற வேண்டியது இங்கேதான். குழுவுக்குத் தலைமை தாங்குகிற ஆசிரியரை இரண்டு மாதம் முன்பே நியமித்து, திட்டம் போடுகிற மேசையில் உட்காரவைக்க வேண்டும். முடிந்தால் இடத்தை அவர் ஒருமுறை பார்த்துவரச் செய்ய வேண்டும். செலவு கட்டாது என்றால் அங்கே இருக்கிற தமிழ்ச் சங்கத்தாரிடமோ முந்தைய ஆண்டு போய்வந்த ஆசிரியரிடமோ உட்கார்ந்து கேட்க நேரம் கொடுக்க வேண்டும். எந்த நிகழ்ச்சியையும் அந்த இடத்திலேயே ரத்து செய்யும் உரிமை அவருக்கு உண்டு, ரத்தானால் கட்டிய பணம் போனாலும் அவரிடம் விளக்கம் கேட்பதில்லை என்று தலைமையாசிரியரோ துறையோ எழுத்தில் கொடுக்க வேண்டும். அவசரச் செலவுக்கு அவர் பெயரில் ஓர் அட்டை, திரும்பி வந்தபின் இரண்டு நாள் விடுப்பு. இரவும் பகலும் விழித்திருந்த ஒருவரை மறுநாள் காலை முதல் பீரியடுக்கு நிற்கவைப்பது என்ன நியாயம்? பெற்றோர் கூட்டத்தில் எந்த ஹோட்டல், என்ன சாப்பாடு, செல்போன் உண்டா என்றெல்லாம் கேட்கிறோம். அங்கே போனபின் திட்டம் மாறினால் முடிவெடுப்பவர் யார் என்றும் கேட்கலாம். மேடையில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், அந்தப் பள்ளி இன்னும் பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைக்கும் நிலைக்கு வரவில்லை.